குடம் எங்கே இருக்கிறது: நெல்லைத் தெருக்களில் நடந்து விளையாடும் செல்பேசி விளையாட்டு செய்யும் முறை

நான் செய்த முதல் விளையாட்டில் ஐந்து புதையல் பெட்டிகள் இருந்தன. திருநெல்வேலி டவுனில் ஐந்து இடங்களைக் குறித்துவைத்து, அங்கே போய் நின்றால் பெட்டி திறந்து பொற்காசு கொட்டும்படி அமைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகன் ஐந்தையும் திறந்துவிட்டு வந்து, "நன்றாக இருக்கிறது மாமா. இதையே மதுரையிலும் விளையாடலாம் போலிருக்கிறதே?" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

ஊரை மாற்றினாலும் கதை அப்படியே ஓடுமென்றால் வெயிலில் நடந்து எதற்காக அங்கே போக வேண்டும்? அந்த விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இரண்டாவது முறை செய்ததைத்தான் இங்கே சொல்கிறேன். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவரும் செய்யலாம்.

கதை இது. ஊர்க் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வில்லுப்பாட்டு ஏற்பாடாகியிருக்கிறது. குழுவிடம் வில்லும் வீசுகோலும் மட்டுமே இருக்கின்றன. ஜால்ரா, குடம், உடுக்கை, கட்டை நான்கும் ஊரில் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. விளையாடுபவர் நடந்து போய்ச் சேர்க்க வேண்டும்.

தேவையானவை

ஆண்ட்ராய்டு செல்பேசி, இணைய இணைப்புள்ள கணினி, எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர். மூன்றாவது, 2010-இல் கூகுள் தொடங்கி, பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஏற்று நடத்தும் இலவசக் கருவி. உலாவியிலேயே இயங்கும். நிரலை எழுத வேண்டியதில்லை. வண்ண வண்ண பிளாக்குகளை இழுத்துக் கோத்தால் போதும். (பிளாக்கைக் கட்டை என்றே சொல்லலாம். ஆனால் நம் கதையில் தாளத்துக்கு ஒரு கட்டை இருக்கிறது, குழம்பிவிடும்.) பின்னாளில் பெரிதாகச் செய்யும் ஆசை வந்தால் யூனிட்டி, கோடோ போன்ற பெரிய விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களுக்குப் போகலாம். முதல் விளையாட்டுக்கே அங்கே போனவர்கள் பலர் மரமும் புல்லும் வரைவதோடு நின்றுவிடுகிறார்கள்.

1. கணினியைத் திறக்காமல் ஒரு நடை

முதல் வேலை தெருவில் இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் நின்று, அங்கே மட்டும் கிடைக்கக்கூடியது என்ன என்று பாருங்கள். நான் எடுத்துக்கொண்டவை:

நெல்லையப்பர் கோயில் தேரடி. உள்ளே இசைத் தூண்கள் இருப்பதால் ஜால்ராவுக்குப் பொருத்தம். ஆனால் புள்ளியை வெளியே தெருவில்தான் வைத்தேன். சாமி கும்பிட வந்தவர்களுக்கு நடுவே செல்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் திரிவது அழகல்ல. இதேபோல் ஊரில் நடந்து விளையாடும் போக்கிமான் கோ 2016-இல் வந்தபோது, வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் தன் வளாகத்தில் அதை விளையாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. நமக்கு அந்த நிலை வேண்டாம்.

குறுக்குத்துறைப் படித்துறை. ஆறும் மண்ணும் இருக்கும் இடம், ஆகவே குடம்.

ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம். இரண்டு முகம் கொண்ட உடுக்கைக்கு இரண்டு அடுக்குப் பாலத்தைவிட நல்ல இடம் கிடைக்குமா? இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. மேல் அடுக்கில் பஸ்ஸில் போகிறவருக்கும் கீழ் அடுக்கில் நடக்கிறவருக்கும் ஜி.பி.எஸ். கொடுக்கும் புள்ளி ஒன்றே. செல்பேசி சொல்லும் உயரத்தை நம்பி இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் கீழே நிற்பவருக்கு மட்டும் கண்ணில் படும் ஒன்றைக் கேள்வியாக வைத்தேன்.

சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்தவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-இல் திறந்த பாலம். பழைய பாலத்தின் வளைவுகள் எத்தனை என்று எண்ணிச் சொன்னால் கட்டை கிடைக்கும். விடையை இங்கே எழுத மாட்டேன். எழுதிவிட்டால் பாளையங்கோட்டையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒருவர் கட்டையை வாங்கிவிடுவார்.

2. இடப் பட்டியல்

ஒவ்வோர் இடத்திலும் நின்று, வரைபடச் செயலியில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டர். நம் ஊரில் அட்சரேகை 8.7 என்றும் தீர்க்கரேகை 77.6 அல்லது 77.7 என்றும் தொடங்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால் தேரடி ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழும். நான் ஒருமுறை போட்டேன். வரைபடம் முழுவதும் நீலம்.

ஆப் இன்வென்டரில் இதை ஒரு லிஸ்ட்டாக அமைக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் உள்ளே ஒரு சிறு பட்டியல்: பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, நுழையும் ஆரம், வெளியேறும் ஆரம் (4-ஆம் படியில் விளக்குகிறேன்), கிடைக்கும் பொருள், முன்பே கையில் இருக்க வேண்டிய பொருள், மூடியிருக்கும் மாதங்கள். இந்த விவரங்களை பிளாக்குகளுக்குள் ஆங்காங்கே நேரடியாக எழுதிவிடாதீர்கள். எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கட்டும். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

3. தூரக் கணக்கு

இதற்கு ஹேவர்சைன் என்ற கோண கணிதச் சூத்திரத்தைப் பலரும் சொல்வார்கள். ஓர் ஊருக்குள் நடக்கும் விளையாட்டுக்கு அது தேவையில்லை. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பது இங்கே வசதி. திருநெல்வேலியில் ஒரு பாகை அட்சரேகை சுமார் 1,10,600 மீட்டர். ஒரு பாகை தீர்க்கரேகை சுமார் 1,10,040 மீட்டர். கிட்டத்தட்ட சதுரம். (லண்டனில் தீர்க்கரேகைப் பாகை 69 கிலோமீட்டர்தான். அங்கே இந்த எண்களை அப்படியே போட்டால் கணக்கு கோணலாகிவிடும்.) ஆகவே பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் போதும்:

வடக்கு = (என் அட்சரேகை − இடத்தின் அட்சரேகை) × 110600
கிழக்கு = (என் தீர்க்கரேகை − இடத்தின் தீர்க்கரேகை) × 110040
தூரம் = (வடக்கு² + கிழக்கு²)-இன் வர்க்கமூலம்

ஒரு சோதனை. அட்சரேகையில் 0.0003, தீர்க்கரேகையில் 0.0002 வித்தியாசம் இருந்தால் வடக்கு 33 மீட்டர், கிழக்கு 22 மீட்டர், தூரம் ஏறத்தாழ 40 மீட்டர். உங்கள் பிளாக்குகளும் இதைச் சொல்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. சென்சாரும் இரண்டு வட்டங்களும்

டிசைனர் திரையில் சென்சார்கள் பிரிவிலிருந்து லொகேஷன் சென்சாரையும், மேப்ஸ் பிரிவிலிருந்து மேப்பையும் இழுத்துப் போடுங்கள். மேப் காட்டுவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம். சென்சாரின் நேர இடைவெளியை பிளாக் மூலம் 5000 மில்லி நொடி என்று வையுங்கள். அதைவிடக் குறைத்தால் பேட்டரி வண்ணார்பேட்டை தாண்டாது.

தொடக்கத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். திறந்த வெளியில் செல்பேசி ஜி.பி.எஸ். ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும். டவுனின் குறுகலான தெருக்களில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால், நீங்கள் அசையாமல் நின்றாலும் புள்ளி அலைபாயும். வட்டத்தின் ஓரத்தில் நிற்பவருக்கு "வந்துவிட்டீர்கள்", "போய்விட்டீர்கள்", "வந்துவிட்டீர்கள்" என்று மாறி மாறிச் செய்தி வரும்.

இதற்கு மருந்து இரண்டு வட்டங்கள். நுழைவதற்கு 30 மீட்டர், வெளியேறுவதற்கு 45 மீட்டர். இடைப்பட்ட 15 மீட்டரில் புள்ளி எப்படி அலைந்தாலும் நிலை மாறாது. படித்துறை போன்ற திறந்த இடத்துக்கு 30 போதும். தேரடிக்கு 50, 70 என்று வைத்தேன்.

இடம் மாறும்போதெல்லாம் இயங்கும் லொகேஷன் சேஞ்ச்டு பிளாக்குக்குள் நடக்க வேண்டியது:

சென்சார் சொல்லும் துல்லியம் 40 மீட்டரைவிட மோசமா? இந்த அளவீட்டை விட்டுவிடு.
ஒவ்வோர் இடத்துக்கும்: தூரத்தைக் கணக்கிடு.
வெளியே இருந்தவர் நுழைவு ஆரத்துக்குள் வந்தால்: "உள்ளே" என்று குறி, கேள்வியைக் காட்டு.
உள்ளே இருந்தவர் வெளியேறும் ஆரத்தைத் தாண்டினால்: "வெளியே" என்று குறி, கேள்வியை மறை.

இந்த நான்கு வரிகளையும் ஒரு புரொசீஜராக, அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய பிளாக் தொகுப்பாக, செய்து, சென்சார் அதை அழைக்கட்டும். காரணம் சோதனையில் தெரியும்.

ஆண்ட்ராய்டு 12 முதல், இட அனுமதி கேட்கும்போது "துல்லியம்", "தோராயம்" என்று இரண்டு வாய்ப்புகள் வரும். விளையாடுபவர் தோராயத்தைத் தொட்டுவிட்டால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் அளவுக்கே இடம் தெரியும். டவுன் முழுவதும் ஒரே புள்ளி ஆகிவிடும். அனுமதி கேட்கும் முன்பே ஒரு வரியில் இதைச் சொல்லிவிடுங்கள்.

5. வேடம் ஏற்றல்

தொடக்கத் திரையில் மூன்று பட்டன்கள்: அண்ணாவி (முதன்மைப் பாடகர்), குடக்காரர், பின்பாட்டுக்காரர். ஒவ்வொருவருக்கும் குரல், கை, நினைவு என மூன்று திறன்கள். அண்ணாவிக்கு நினைவு அதிகம், அதனால் கேள்வி தவறினாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. பின்பாட்டுக்காரருக்கு ஒரு குறிப்புக் கிடைக்கும். குடக்காரர் எந்தப் பொருளை எடுத்தாலும் கூடுதல் புள்ளி. ஓர் இடத்துக்கு 40 புள்ளி, சரியான விடைக்கு 20. நூறு சேர்ந்தால் ஒரு நிலை உயர்வு. எல்லாவற்றையும் டைனிடிபியில் சேமியுங்கள். அது செல்பேசிக்குள்ளேயே இருக்கும் சிறு கிடங்கு. யார் எங்கே நடந்தார் என்ற விவரம் உங்களிடம் வந்து சேர வேண்டிய தேவையே இல்லை.

நடக்கும் தூரத்துக்கும் புள்ளி கொடுக்க ஆசை வரும். கொடுங்கள். ஆனால் கடைசியாகக் கணக்கிட்ட இடத்திலிருந்து 15 மீட்டராவது நகர்ந்தால் மட்டும் கூட்டுங்கள். இல்லையென்றால் புள்ளியின் அலைச்சலெல்லாம் நடையாகச் சேர்ந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே விளையாடுபவர் நிலை உயர்ந்துவிடுவார்.

6. பஸ்ஸும் வெள்ளமும்

5 நொடியில் 40 மீட்டர் நகர்ந்தால் மணிக்கு 28.8 கிலோமீட்டர் வேகம். அது நடையல்ல. ஒரேயொரு தாவல் ஜி.பி.எஸ். பிழையாகவும் இருக்கலாம் என்பதால், தொடர்ந்து மூன்று அளவீடுகள் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் மட்டும் விளையாட்டை நிறுத்திவைக்கிறேன். பைக் ஓட்டிக்கொண்டே விளையாட நினைப்பவர்களையும் இது தடுக்கும்.

ஆறுதான் பெரிய விஷயம். குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயிலே மூழ்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த யாரும், அந்த நேரத்தில் "படித்துறைக்குப் போ, குடம் கிடைக்கும்" என்று சொல்லும் செயலியை மன்னிக்க மாட்டார்கள். அதனால் ஆப் இன்வென்டரில் தேதி, நேரம் சொல்லும் க்ளாக் என்ற கூறிடம் மாதத்தைக் கேட்டு, 10, 11, 12 என்றால் அந்தப் புள்ளியை மூடி, மேலே சாலைக்கு நகர்த்திவிடுகிறேன். மற்ற மாதங்களுக்கும் ஒரு காவல் உண்டு: இணையத்தில் ஒரு சிறு உரைக்கோப்பு, அதில் "திற" அல்லது "மூடு" என்ற ஒரே சொல். இணையத்திலிருந்து படிக்கும் வெப் என்ற கூறு அதைப் படித்துவரும். படிக்க முடியாமல் போனால் மூடியதாகவே கொள்ள வேண்டும். இதே காரணத்தால்தான் அருவிகளிலும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும் நான் புள்ளி வைக்கவில்லை.

7. வீட்டிலிருந்தே நடப்பது

ஒவ்வொரு திருத்தத்துக்கும் குறுக்குத்துறை வரை நடந்தால் கால் தேய்ந்துவிடும். சோதனைக்காக நான்கு பட்டன்கள் வையுங்கள்: தேரடி, படித்துறை, ஈரடுக்கு, பாலம். ஒவ்வொன்றும் அந்த இடத்தின் எண்களை நாம் செய்த புரொசீஜருக்குக் கொடுக்கட்டும். சென்சார் அழைத்ததா, பட்டன் அழைத்ததா என்று புரொசீஜருக்குத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்தபடியே கதை முழுவதையும் ஓட்டிப் பார்க்கலாம். ஆப் இன்வென்டரின் கம்பானியன் செயலியைச் செல்பேசியில் திறந்து, கணினித் திரையில் வரும் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் செல்பேசியில் உடனே தெரியும். எல்லாம் சரியானதும் பட்டன்களை எடுத்துவிட்டு, செல்பேசியில் நிறுவுவதற்கான ஏ.பி.கே. கோப்பை உருவாக்குங்கள்.

அதன் பிறகு நிஜமான நடை. எனக்குப் பதிலாக மருமகன் போனான். பாலத்திலிருந்து போன் செய்தான்: "மாமா, நான் பாலத்து நடைபாதையில் நிற்கிறேன். உங்கள் செயலி என்னை ஆற்றுக்குள் நிறுத்தியிருக்கிறது." ஆரத்தை 10 மீட்டர் கூட்டினேன், கட்டை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் செல்பேசியைக் காட்டினான். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதையை முழுவதும் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "குடத்தை ஆற்றங்கரையில் யாரடா வைத்தது? குடம் காருகுறிச்சியிலிருந்து அல்லவா வரும்?" என்றாள்.

சரியான கேள்வி. மண்பாண்டத்துக்குப் பேர்பெற்ற ஊர் அதுதான். பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினேன்: பெயர், இரண்டு எண்கள், மூடும் மாதங்கள் காலி. பிளாக் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. பஸ் விதிக்கு மட்டும் ஒரு விலக்குச் சேர்க்க வேண்டியதாயிற்று, காருகுறிச்சிக்கு யாரும் நடந்து போக மாட்டார்கள் அல்லவா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகனும் ஆச்சியும் பஸ்ஸில் போகிறார்கள். உண்மையாகவே ஒரு குடம் வாங்கிவரவும் சொல்லியிருக்கிறேன்.