ஆற்றல் ஓட்டமும் பொருள் சுழற்சியும்: இரண்டு தாள்களில் வரைந்து கணக்கை நேர்செய்யும் முறை

பாடநூல்களில் உணவுச் சங்கிலியை வரையும்போது சூரியனிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து முயலுக்கும், முயலிலிருந்து நரிக்கும் ஒரே நிறத்தில் அம்புக்குறிகள் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒற்றை அம்பே ஆற்றலையும் குறிக்கிறது, கார்பனையும் நைட்ரஜனையும் குறிக்கிறது. ஆகவே இவை யாவும் ஒரே வழியில் ஒரே விதமாகப் போய்வருவதாகப் படிப்பவர் எண்ணிக்கொள்கிறார். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தபோது, அளந்து எடுத்த உண்மையான எண்களை வைத்து, ஆற்றலுக்கு ஒரு தாளும் பொருளுக்கு ஒரு தாளுமாக வரைந்தால் குழப்பம் தீர்கிறது என்று கண்டேன். அந்த முறையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

வேண்டியவை மில்லிமீட்டர் கட்டமிட்ட வரைபடத்தாள், முப்பது சென்டிமீட்டர் அளவுகோல், இரண்டு நிறப் பென்சில்கள், ஒரு கணிப்பான். ஓட்டப் படங்களை, அதாவது ஒவ்வோர் ஓட்டத்தையும் அதன் அளவுக்கேற்ற அகலமுள்ள பட்டையாகக் காட்டும் படங்களை, தானாக வரைந்து தரும் மென்பொருள்கள் உள்ளன என்றாலும், முதல் முறை கையால் வரையுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. பட்டையின் அகலத்தை நாமே அளந்து வைக்கும்போதுதான் எண்ணின் பருமன் மனத்தில் பதிகிறது. கூட்டல் கழித்தலைச் சரிபார்க்க லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாள் போதும். ஆயத்தமாகக் கிடைக்கும் ஆற்றல் பிரமிடுப் படங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை தாவரம், தாவர உண்ணி, ஊன் உண்ணி என்னும் உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு தளத்திலும் எவ்வளவு எஞ்சியது என்பதைக் காட்டுகின்றனவே அன்றி, எஞ்சாதது எங்கே போயிற்று என்பதைக் காட்டுவதில்லை.

படி 1: எண்களைத் தேர்ந்தெடுத்தல்

நம் ஊர் ஏரியை வைத்தே தொடங்க ஆசை வரும். ஆனால் அதன் எல்லாத் தளங்களுக்கும் அளவுகள் கையில் இல்லாமல் கணக்கை நேர்செய்ய முடியாது. ஆகவே, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒகாலா நகருக்கு அருகிலுள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றை எடுத்துக்கொள்வோம். சூழலியலாளர் ஹோவர்டு ஓடம் 1957இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஊற்றின் வரவையும் செலவையும் ஏறத்தாழ முழுமையாகத் தருகிறது. ஆண்டு முழுவதும் நீரின் வெப்பநிலை அதிகம் மாறாததும், நீர் மிகத் தெளிவாக இருப்பதும் அளவெடுப்பதற்கு வாய்ப்பாக அமைந்தன. இங்கே முதன்மையான உற்பத்தியாளர்கள் சாஜிட்டேரியா என்னும் நீர்த்தாவரமும் அதன் இலைகளின்மேல் படர்ந்திருக்கும் பாசிகளும் ஆகும்.

கீழே வரும் ஆற்றல் எண்கள் அனைத்தும் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஓர் ஆண்டில் இத்தனை கிலோகலோரி என்னும் அலகில் உள்ளன. அலகைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

படி 2: அளவுத்திட்டமும் சூரிய ஒளியும்

ஒரு மில்லிமீட்டருக்கு 100 கிலோகலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றின்மேல் விழும் ஒளி 17,00,000. இந்த அளவில் அது 17 மீட்டர் அகலமுள்ள பட்டையாகும். தாவரங்கள் உறிஞ்சுவது 4,10,000, அதாவது 4.1 மீட்டர். இவ்விரண்டையும் தாளில் வரைய இயலாது. எண்ணை மட்டும் எழுதி வையுங்கள். உறிஞ்சியதில் 3,89,190 வெப்பமாக உடனே வெளியேறிவிட, ஒளிச்சேர்க்கையின் வழியாக உணவாக மாறுவது 20,810 மட்டுமே. விழுந்த ஒளியில் இது சுமார் 1.2 விழுக்காடு. இதைத்தான் மொத்த முதல்நிலை உற்பத்தி என்கிறோம். 208 மில்லிமீட்டர் அகலத்தில் இதை வரையலாம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர் என்பதால் விளிம்பு முதல் விளிம்பு வரை நிறைந்துவிடும். இரண்டு தாள்களை ஒட்டிக்கொள்வது நல்லது.

படி 3: மொத்தத்திலிருந்து நிகரம்

தாவரங்களும் சுவாசிக்கின்றன. தாம் உண்டாக்கிய உணவில் 11,977 கிலோகலோரியைத் தம் உயிர்வாழ்வுக்கே செலவிடுகின்றன. 120 மில்லிமீட்டர் பட்டையைப் பிரித்து, தாளின் பக்கவாட்டில் வெளியே கொண்டுபோய் ‘வெப்பம்’ என்று எழுதுங்கள். மீதம் 8,833, அதாவது 88 மில்லிமீட்டர், நிகர முதல்நிலை உற்பத்தி. மற்ற உயிர்கள் பங்கிட்டுக்கொள்ள இருப்பது இதுதான்.

படி 4: உண்ணிகள்

தாவர உண்ணிகளுக்குச் சேர்வது 3,368. அவற்றின் சுவாசச் செலவு 1,890. ஊன் உண்ணிகளுக்குச் சேர்வது 383, சுவாசம் 316. உச்சநிலை ஊன் உண்ணிகளுக்குச் சேர்வது 21, சுவாசம் 13. ஒவ்வொன்றையும் முன்போலவே பட்டையாக வரைந்து, சுவாசத்தைப் பக்கவாட்டில் வெளியேற்றுங்கள். 34 மில்லிமீட்டரில் தொடங்குவது 4 மில்லிமீட்டராகி, பிறகு பென்சில் கோட்டைவிட மெல்லியதாகிவிடும்.

ஒரு தளத்தின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே அடுத்த தளத்துக்குச் சேரும் என்று சொல்லும் பத்து விழுக்காடு விதியைப் பற்றி இங்கே ஒரு சொல். 3,368 என்பது 20,810இல் சுமார் 16 விழுக்காடு. 383 என்பது 3,368இல் சுமார் 11. 21 என்பது 383இல் ஐந்தரை. பத்து என்பது இத்தகைய விகிதங்களின் தோராயமான நடுமதிப்பே தவிர, இயற்கை கட்டாயம் கடைப்பிடிக்கும் சட்டமன்று. தளங்களுக்கிடையே ஆற்றல் கைமாறுவதை அளந்து ஆராயும் வழக்கத்தை 1942இல் வெளியான கட்டுரையால் நிலைநிறுத்தியவர் ரேமண்ட் லிண்ட்மன். அதற்கு அடிப்படையாக இருந்தது மினசோட்டாவிலுள்ள சீடர் பாக் என்னும் சிறு ஏரி. அக்கட்டுரை அச்சில் வருவதற்கு முன்பே, 26 வயதிலேயே அவர் இறந்துபோனார் என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

படி 5: சிதைப்பவை, பிறகு சரிபார்ப்பு

பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இது. எனக்கும் அதிக நேரம் பிடித்தது இதற்குத்தான். பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் ஆண்டுக்கு 5,060 கிலோகலோரியைப் பெறுகின்றன. தாவர உண்ணிகள் பெற்றதைவிட இது அதிகம். உதிர்ந்த இலை, இறந்த நத்தை, மீனின் கழிவு என எல்லாத் தளங்களிலிருந்தும் அவற்றுக்கு வரத்து உண்டு. ஆகையால் சிதைப்பவற்றைச் சங்கிலியின் உச்சியில் கடைசிக் கண்ணியாக வைக்காமல், தாளின் அடியில் நீளமான ஒரு பெட்டியாக வைத்து, ஒவ்வொரு தளத்திலிருந்தும் ஒரு பட்டையை அதற்குள் இறக்குங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் தனி அளவு தேட வேண்டியதில்லை. மொத்தம் 51 மில்லிமீட்டர் என்பது போதும்.

இப்போது கணக்கை நேர்செய்வோம். பலரும் 3,368, 383, 5,060 ஆகியவற்றையும் செலவுப் பக்கத்தில் கூட்டிவிடுவர். கூட்டுத்தொகை வரவை மீறிவிடும். அந்த எண்கள் மண்டலத்துக்குள்ளேயே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கைமாறியவை. எல்லையைக் கடந்து உள்ளே வந்ததும், எல்லையைக் கடந்து வெளியே போனதும் மட்டுமே இறுதிக் கணக்கில் சேரும். ஆகவே சிதைப்பவற்றின் 5,060இல் அவற்றின் சுவாசமாகிய 4,600ஐ மட்டும் செலவில் எழுத வேண்டும்.

வரவு: ஒளிச்சேர்க்கை 20,810, வெளியிலிருந்து வந்தது 486. பின்னது, பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் மீன்களுக்கு வீசிய ரொட்டி. அதையும் விடாமல் கணக்கில் சேர்த்த ஹோவர்டு ஓடமின் கவனம் போற்றத்தக்கது. கூட்டினால் 21,296.

செலவு: சுவாசங்கள் 11,977, 1,890, 316, 13, 4,600, இவற்றின் கூட்டுத்தொகை 18,796. நீரோட்டத்தோடு கீழே அடித்துச் செல்லப்படும் கரிமப்பொருள் 2,500. இரண்டையும் கூட்டினால் 21,296.

இரு பக்கமும் ஒத்துப்போகும்வரை அடுத்த தாளைத் தொடாதீர்கள்.

படி 6: இரண்டாம் தாள், பொருள்

முதல் தாளில் பக்கவாட்டில் வெளியேறிய ஒவ்வொரு சுவாசப் பட்டையையும் மீண்டும் பாருங்கள். அங்கேதான் ஆற்றலும் பொருளும் பிரிகின்றன. ஆற்றல் வெப்பமாகச் சிதறிப்போகிறது. ஒளிச்சேர்க்கைக்கு ஒளிதான் வேண்டும் என்பதால் அந்த வெப்பத்தை எந்த இலையாலும் உணவாக மாற்ற இயலாது. கார்பனோ கரியமில வாயுவாக வெளிவந்து, மற்றோர் இலைக்குள் மீண்டும் புகக்கூடிய நிலையில் இருக்கிறது. எனவே இரண்டாம் நிறத்தை எடுத்து, அந்த இடங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் தாவரப் பெட்டிக்குத் திரும்பும் வளைவம்பை இரண்டாம் தாளில் வரையுங்கள்.

கனிமச் சத்துக்களுக்குச் சில்வர் ஸ்பிரிங்ஸ் பொருத்தமான எடுத்துக்காட்டு அன்று. ஊற்றுநீர் ஓயாமல் புதிய சத்துக்களைக் கொண்டுவந்து, பழையவற்றைக் கொண்டுபோகிறது. அதற்கு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹப்பார்டு புரூக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் ஆகியோரும் அவர்களது குழுவினரும் 1963 முதல் அங்கே சிறு பள்ளத்தாக்குகளை அளந்துவந்தனர். அடியிலுள்ள பாறை நீரை ஏறக்குறைய முற்றிலும் கசியவிடாது. ஆகையால் மழைமானிகளில் விழுந்ததை வரவாகவும், ஓடையின் குறுக்கே முக்கோண வெட்டுடன் கட்டிய தடுப்புச்சுவரைக் கடந்ததைச் செலவாகவும் கொள்ள முடிந்தது. காடு நலமாக இருந்தபோது, மண்ணுக்கும் மரத்துக்கும் இடையே சுழன்ற சத்துக்களின் அளவோடு ஒப்பிட்டால், ஓடையில் வெளியேறியவை மிகச் சிறிதே.

1965இன் இறுதியில் ஒரு பள்ளத்தாக்கின் மரங்கள் அனைத்தையும் வெட்டி, அப்புறப்படுத்தாமல் விழுந்த இடத்திலேயே விட்டு, மீண்டும் எதுவும் முளைக்காதபடி மூன்று ஆண்டுகள் களைக்கொல்லி தெளித்தனர். ஓடைநீர் சுமார் 40 விழுக்காடு கூடியது; நீரில் நைட்ரேட் செறிவு சுமார் 60 மடங்கானது; கால்சியம் இழப்பு ஏறத்தாழ 4 மடங்கானது. ஒரு கட்டையைக்கூட யாரும் எடுத்துச் செல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சிதைப்பவை தம் வேலையைத் தொடர்ந்தன. மண் பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டே இருந்தன. அதை உறிஞ்சிக்கொள்ளும் வேர்கள்தாம் இல்லை. எதிர்மின்னேற்றம் கொண்ட நைட்ரேட்டைக் களிமண் துகள்கள் பிடித்துவைப்பதில்லை. அது உருவாகும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் அயனிகள் கால்சியத்தையும் மண்ணின் பிடியிலிருந்து விடுவித்துவிடுகின்றன. இரண்டாம் தாளில் சிதைப்பவை, மண், வேர் என்று மூன்று பெட்டிகளை வட்டமாக வரைந்து, வேருக்குப் போகும் அம்பை மட்டும் அழித்துப் பாருங்கள். மண்ணிலிருந்து ஓடைக்குச் செல்லும் மெல்லிய அம்பைத் தடித்ததாக மாற்ற வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை: இதை வரைந்து பார்த்தவர்கள் இரண்டு இடங்களில் தடை கண்டதாக எழுதியிருந்தனர். முதலாவது, அம்பின் திசை. உண்ணும் உயிரிலிருந்து உணவை நோக்கிச் சிலர் வரைந்திருந்தனர். ஆற்றல் செல்லும் திசையையே அம்பு காட்ட வேண்டும், எனவே நத்தை தின்னும் பாசியிலிருந்து நத்தையை நோக்கி வரையுங்கள். இரண்டாவது, சிதைப்பவை பெற்ற 5,060இல் சுவாசம் போக எஞ்சும் 460. அதைத் தனிச் செலவாக எழுதினால் கணக்கு ஒத்துவராது. ஓடையோடு போகும் 2,500இல் அது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆகையால் சிதைப்பவற்றின் பெட்டியிலிருந்து 5 மில்லிமீட்டர் பட்டையைக் கொண்டுவந்து, 25 மில்லிமீட்டர் அகலமுள்ள வெளியேற்றப் பட்டையின் உள்ளேயே சேர்த்துவிடுங்கள்.