கண் அழற்சியில் முளைக்கும் ரத்தக்குழாய்கள்: பார்வையைப் பறிக்கும் தவறுகள்

விழித்திரைக்கு அடியில் கோராய்டு என்றொரு ரத்தக்குழாய்ப் படலம் இருக்கிறது. அங்கே அழற்சி வந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள ப்ரூக் சவ்வு சிதையும். அந்தப் பிளவு வழியே புதுக் குழாய்கள் மேலேறும். அவை பலவீனமானவை; நீரும் ரத்தமும் கசியும். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் கசிந்தால் நடுப்பார்வை மங்கும், கவனிக்காமல் விட்டால் தழும்பாக இறுகிவிடும். தழும்பை எந்த மருந்தாலும் கரைக்க முடியாது.

கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. கண்ணின் பின்பக்க அழற்சியில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. நேர்க்கோடு வளைந்து தெரிவதும், எழுத்துக்கு நடுவில் சாம்பல் புள்ளி விழுவதும், ஒளி மினுக்குவதும்தான் அறிகுறிகள். இதில் ஒரு வகை, கிட்டப்பார்வை உள்ள இளம் பெண்களுக்கே அதிகம் வருகிறது. அவர்களோ பவர் கூடிவிட்டது என்று புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

நடுவில் புள்ளியும் சுற்றிலும் கட்டக் கோடுகளும் உள்ள பரிசோதனை அட்டைதான் ஆம்ஸ்லர் கட்டம். வீட்டில் அதைப் பார்ப்பவர்களும் இரு கண்ணையும் திறந்தே பார்க்கிறார்கள். நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். படிக்கும் கண்ணாடியைப் போட்டு, 30 செ.மீ. தொலைவில் வைத்து, ஒரு கண்ணை முழுதாக மூடி, நடுப்புள்ளியை மட்டுமே பாருங்கள். கோடு புதிதாக வளைந்தாலோ விடுபட்டாலோ ஓரிரு நாளுக்குள் விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும்.

சிகிச்சையில் அதிகம் சறுக்குவது இங்கேதான்: நோய் இரண்டு, மருந்தும் இரண்டு. கண்ணுக்குள் போடும் பெவாசிசுமாப், ரானிபிசுமாப் போன்ற ஊசிகள் குழாயை அடக்கும். அழற்சியை அடக்க ஸ்டீராய்டோ நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ வேண்டும். ஊசி போட்டதும் பார்வை தெளிகிறது, மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறார்கள். உள்ளே புகைந்துகொண்டிருக்கும் அழற்சி குழாயை மறுபடி முளைக்க வைக்கிறது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் நம்புவதும் வீண். அது கண்ணின் பின்பகுதியைப் போதிய அளவில் எட்டாது.

காசநோய், சிபிலிஸ், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்றை விலக்காமல் ஸ்டீராய்டைத் தொடங்கினால் தொற்று பரவும். சில வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாதீர்கள். அழற்சி திரும்புவதோடு, உடல் தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசோல் ஹார்மோனும் போதாமல் போகும். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்தில் அது கூடவே கூடாது, திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசிக்குப் பிறகு லேசான உறுத்தலும் வெள்ளைவிழியில் சிவப்புத் திட்டும் சகஜம். அடுத்த சில நாளில் வலி கூடி, கண் சிவந்து, பார்வை குறைந்தால் அது கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம். மறுநாள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் அன்றே, இரவானாலும், கண் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.