ஆம்னியில் ஈகோ எஞ்சின்: வெட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்

போன மாதம் ஒரு தம்பி பழைய மாருதி ஆம்னி வேனை என் பட்டறைக்கு ஓட்டி வந்தான். பின்னாலேயே ஒரு குட்டி யானையில் இன்னொரு மாருதி வேனான ஈகோவின் எஞ்சின், கியர் பாக்ஸோடு. சென்னைப் புதுப்பேட்டையில், பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கினானாம். "அண்ணா, ரெண்டு நாள்ல ஏத்திடலாம்ல?" என்றான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வயர்களை இடம் மாற்றி இணைப்பது, ஹோஸ் கிளிப்பை முறுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். வண்டி வழியில் நின்றால் அவை தானே தெரிந்துவிடும். தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும் தவறுகள்தான் ஆபத்து.

சீட்டுக்கு அடியில் கட்டிங் மெஷின்

ஆம்னியின் 796 சிசி எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர். முன் சீட்டுகளுக்கு அடியில், அதன் அளவுக்கே செய்த இடத்தில் இருக்கிறது. பழைய ஈகோவின் 1196 சிசிக்கு நான்கு சிலிண்டர், நீளம் அதிகம். இடிக்கும். உடனே கை கட்டிங் மெஷினைத் தேடும். சீட்டுக்குக் கீழே தரையைத் தாங்கும் குறுக்குப் பட்டியில் கொஞ்சம் வெட்டி, சீட் பெட்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினால் எஞ்சின் உட்கார்ந்துவிடும். நானும் அப்படித்தான் உட்கார வைத்தேன். வெட்டிய இடத்தில் தடிமனான பிளேட்டை வைத்து வெல்டிங் அடித்து, "முன்னைவிட ஸ்ட்ராங்" என்று வேறு பெருமை பேசினேன்.

ஆம்னிக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து ஒட்டிய பாடிதான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. அந்தப் பட்டியின் பலம் தகட்டின் தடிப்பில் இல்லை, மடிப்பில் இருக்கிறது. மடிப்பை வெட்டிவிட்டுத் தட்டையான பிளேட்டை ஒட்டினால் பலம் திரும்பி வராது. போதாக்குறைக்கு வெல்டிங் சூட்டில் பக்கத்துத் தகடும் கெட்டுப்போகும்.

என் வண்டி எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஒருநாள் முன்னால் மாடு வந்தது, பிரேக்கை மிதித்தேன். சீட் என்னையும் சுமந்துகொண்டு முன்னால் நகர்ந்தது. முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் வெல்டிங் ஓரமாகவே நீளமான விரிசல். வெறும் பிரேக்குக்கே இந்தக் கதி. எதிரே ஒரு லாரி வந்திருந்தால்?

கார் மோதினால் முன்னாலிருக்கும் பானெட் நசுங்கி, மோதலின் வேகத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆம்னியில் ஓட்டுபவரின் காலுக்கு முன்னால் ஒரு தகடும் ஹெட்லைட்டும்தான். அங்கே மிச்சமிருக்கும் பாதுகாப்பு, சீட்டையும் பெல்ட்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் தரை. அதைத்தான் நாம் வெட்டுகிறோம்! சீட்டை உயர்த்தினால் இன்னொரு கேடு: இடுப்பு எலும்பில் பிடிக்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும்.

"ஈகோவும் இதே மாதிரி வேன்தானே, அது ஓடுதே அண்ணா" என்பார்கள். 2016-இல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஈகோவுக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ஜிய ஸ்டார். ஆம்னி அதைவிடப் பழைய டிசைன். நம் நாட்டில் மோதல் சோதனை விதி பழைய மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் வந்தது. அந்த வருஷமே ஆம்னியின் தயாரிப்பு நின்றது.

எல்லாவற்றையும் பிரித்து, தரையை மாற்றி, பழைய எஞ்சினையே திரும்ப ஏற்றியதில் எனக்கு 45,000 ரூபாய் போனது. இன்றும் யாராவது அந்தப் பட்டியில் சாக்பீஸால் கோடு போட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பிரேக்கை அப்புறம் பார்க்கலாம்

பார்க்க மாட்டீர்கள். புது எஞ்சினின் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரேக்கோ பழையது, டயரோ அதே 12 அங்குலம். 60-இல் போகும் வண்டி 80-இல் போனால், மோதும்போது வெளிப்படும் ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது.

முன் பம்பரில் இரும்புத் தடுப்புக் கம்பி

கழற்றுங்கள்.

ஆர்.சி.

எஞ்சின் நம்பர் அதில் இருக்கிறது, எஞ்சினை மாற்றினால் அந்த நம்பரும் மாறும். முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், பிறகுதான் புதுப்பேட்டை.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கடைசியில் பழைய எஞ்சினுக்கே, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து கொடுத்தேன். ஈகோ எஞ்சின் இன்னும் என் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. வந்து எடுத்துப் போகச் சொன்னால், "இருக்கட்டும் அண்ணா" என்கிறான்.