ஸ்டெப்பர் டிரைவர்: வயரிங்கும் பல்ஸ் நேரமும்

ஸ்டெப்பர் மோட்டார் ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு ஸ்டெப்பாக நகரும்; அதற்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் சர்க்யூட்தான் டிரைவர். மோட்டாரின் நான்கு வயர்களில் எவை ஒரே காயிலைச் சேர்ந்தவை என்று மல்ட்டிமீட்டரில் பாருங்கள். சில ஓம் காட்டும் ஜோடியை டிரைவரின் ஏ+, ஏ-க்கும், மற்றதை பி+, பி-க்கும் கொடுங்கள். ஜோடி கலந்துவிட்டால் மோட்டார் சுற்றாமல் அதிரும். பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது, டிரைவர் எரிந்துபோகும்.

பலர் கோட்டை விடுவது நேரக் கணக்கில்தான். திசை சிக்னல் மாறி 5 மைக்ரோசெகண்டாவது கழித்தே ஸ்டெப் பல்ஸ் வரட்டும் (டிரைவருக்கு டிரைவர் மாறும், டேட்டாஷீட்டைப் பாருங்கள்). முந்திக்கொண்டால் திசை திரும்பும்போதெல்லாம் ஸ்டெப் பிசகும். பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். பல்ஸ் போலாரிட்டி (சிக்னல் ஏறும்போதா, இறங்கும்போதா ஸ்டெப் எடுக்க வேண்டும் என்பது) தலைகீழாக இருந்தாலும் இதே கோளாறு வரலாம்.

ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது), 5 மி.மீ. லீட் (ஒரு சுற்றில் நகரும் தூரம்) உள்ள ஸ்க்ரூ என்றால் மி.மீ.க்கு 320 பல்ஸ். நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஓட நொடிக்கு 16,000 பல்ஸ், அதாவது 62.5 மைக்ரோசெகண்டுக்கு ஒன்று.