லிடியா மரியா சைல்டின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

தொடக்கநிலை மூன்று, நான்கு பிள்ளைகளுக்கு அமெரிக்க எழுத்தாளர் லிடியா மரியா சைல்டைப் பற்றித் தமிழில் சொல்லப் போகிறீர்களா? 1802இல் பிறந்தார், 1880இல் இறந்தார் என்று ஆரம்பித்தால் அப்போதே நெளியத் தொடங்கிவிடுவார்கள். சிங்கப்பூரின் அங் மோ கியோ நூலகத்தில் நான் விடுகதையில்தான் தொடங்குவேன். "அடிக்காமல் திட்டாமல் கண்ணீர் வரவழைப்பாள், யார்?" வெங்காயம் என்று கத்தி ஓயட்டும். அப்புறம், இப்படி விடுகதையும் கதையுமாக உங்களுக்கென்றே ஒரு இதழ் வந்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். 1826இல், 24 வயதில், பாஸ்டனில் லிடியா நடத்தத் தொடங்கியது அப்படியொரு இதழ்தான்: ஜுவனைல் மிஸலனி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும்.

அவருடைய அப்பா மெட்ஃபர்ட் ஊரில் ரொட்டி சுடுபவர் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுங்கள்.

நிதானமாகச் சொல்ல வேண்டியது 1833. அமெரிக்காவில் அப்போது மனிதர்களை விலைக்கு வாங்கி விற்றார்கள். பிள்ளைகளிடம் இதைப் பூசி மெழுகாதீர்கள். அம்மாவையும் பிள்ளையையும் பிரித்து விற்பார்களா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றே சொல்லுங்கள். அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும், அதற்காக முதலாளிகளுக்கு ஈட்டுத்தொகை கொடுக்கக்கூடாது என்று லிடியா ஒரு புத்தகம் எழுதினார். அடிமை முறை ஒழிந்த வட மாநிலங்களிலும் கறுப்பினத்தவரை ஒதுக்குவதை அதில் சாடினார். அதனால் பெற்றோர்கள் இதழின் சந்தாவை நிறுத்தினார்கள். 1834இல் இதழை விட்டு அவர் விலக வேண்டியதாயிற்று. பாஸ்டன் அதீனியம் நூலகம் அவருக்குக் கொடுத்திருந்த அனுமதியையும் பறித்துக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். "நாளைக்கு உன்னை இந்த நூலகத்துக்கே வராதே என்றால்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் உண்மையிலேயே கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தை அவசரப்பட்டு ஆற்றிவிடாதீர்கள். எனக்கு இந்தக் கதையில் அதுதான் முக்கியம்.

பிள்ளைகளுக்காக அவர் எழுதிய பாட்டு ஒன்றும் உண்டு: பனிச்சறுக்கு வண்டியில் தாத்தா வீட்டுக்குப் போவதைப் பற்றியது. அதை அவர் வெளியிட்டது 1844இல்தான். வண்டிக்கு ஒரு படம் காட்டினால் போதும். தெம்பனிசிலிருந்து ஜூரோங்குக்கு எம்ஆர்டி ரயிலில் தாத்தா வீட்டுக்குப் போகிற மாதிரி வரிகளை மாற்றி, கைதட்டிப் பாட விடுங்கள்.

"அப்புறம் என்ன எழுதினார்?" என்று கட்டாயம் கேட்பார்கள். விடுதலை பெற்றவர்கள் படிக்கப் பழகுவதற்கென்றே 1865இல் ஒரு புத்தகம் தொகுத்தார் என்று சொல்லுங்கள். ஃபிரடெரிக் டக்ளஸ் போன்ற கறுப்பினத் தலைவர்களின் வாழ்க்கையும் அதில் உண்டு. மீதி நேரத்துக்கு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, சொந்த இதழுக்கு முதல் பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையை அன்றைக்குத் திருத்த வேண்டாம்.