சாபி சாண்டில் சஃபாரி: முதன்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை மேற்கே ஒட்டியிருக்கிறது சாபி சாண்ட் தனியார் காப்பகம். நடுவில் இருந்த வேலியை 1993-ல் எடுத்துவிட்டதால் விலங்குகள் இரு பக்கமும் போய்வருகின்றன. அதே சிங்கத்துக்கு இங்கே ஏன் பல மடங்கு காசு? குரூகரில் சொந்தக் காரில் சுற்றுகிறவர்கள் சாலையை விட்டு இறங்கக் கூடாது, இருட்டுவதற்குள் முகாம் திரும்பிவிட வேண்டும். இங்கே சிறுத்தை புதருக்குள் நுழைந்தால் ஜீப்பும் பின்னாலேயே நுழையும். இருட்டிய பிறகும் விளக்கடித்துத் தேடுவார்கள். நீங்கள் கொடுக்கும் காசு இதற்குத்தான், அறையோடு வரும் நீச்சல் குளத்துக்கு அல்ல.

1. இரவுகளை முடிவு செய்யுங்கள்

காலையும் மாலையும் சவாரி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். இரண்டு இரவு தங்கினால் நான்கு சவாரி, மூன்று இரவென்றால் ஆறு. ஆடம்பர லாட்ஜில் இரண்டு இரவைவிட எளிய லாட்ஜில் மூன்று இரவே மேல். ஒரு சவாரி மழையில் போனாலும் கை நஷ்டம் பெரிதாக இருக்காது.

2. மாதம்

மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. இலை உதிர்ந்து பார்வை தூரம் போகும், விலங்குகளும் தண்ணீரைத் தேடி வரும். ஆனால் ஜூன், ஜூலை விடியலில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். திறந்த வண்டியில் காற்று முகத்தில் அறையும். குல்லா, கையுறை, தடித்த ஜாக்கெட் கட்டாயம். டிசம்பர், ஜனவரியில் காடு பச்சை, இம்பாலா மான் குட்டிகள் துள்ளும், ஆனால் உயர்ந்த புல்லில் படுத்திருக்கும் சிங்கம் பத்தடியிலும் தெரியாது.

3. முன்பணம் கட்டும் முன் லாட்ஜிடம் கேளுங்கள்

காப்பகம் சுமார் 65,000 ஹெக்டேர் என்றாலும், ஒவ்வொரு லாட்ஜும் தனக்கு அனுமதி உள்ள நிலத்தில் மட்டுமே வண்டி ஓட்டலாம். அது எத்தனை ஹெக்டேர் என்று கேளுங்கள். வலைத்தளப் படங்களைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடுத்து, வண்டியில் ஒரு வரிசைக்கு எத்தனை பேர்? மூவர் என்றால் நடுவில் உட்கார்ந்தவருக்குப் படம் எடுப்பது பெரும்பாடு. பானெட் முனை இருக்கையில் தடம் பார்க்கும் டிராக்கர் தனியாக உண்டா? குழந்தைகளை எந்த வயதிலிருந்து ஏற்றுவார்கள்? பல இடங்களில் ஆறு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கிவரும் இடமில்லை.

4. போய்ச் சேருவது

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்தில் மறுபடி போட வேண்டும். குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். ஸ்குகூசா விமான நிலையம்தான் வசதி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் என்றால் ஆறு மணி நேரம் ஆகும். விடியலில் கிளம்பாவிட்டால் முதல் மாலைச் சவாரி போச்சு.

இது மலேரியா பகுதி. மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். சிலவற்றைப் புறப்படும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் தொடர வேண்டும்.

5. பை

சிறு விமானமென்றால் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏறாது. துணிப் பைதான், பெரும்பாலும் 20 கிலோ வரை. ஆளுக்கொரு பைனாகுலர், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 போதும். நம் ஊர் ஏசிக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக் அங்குள்ள பழைய சாக்கெட்டில் பொருந்தும், போன் சார்ஜருக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

6. வண்டியிலும் முகாமிலும்

எழுந்து நிற்காதீர்கள். விலங்குகளுக்கு வண்டியும் ஆட்களும் ஒரே உருவமாகத்தான் படும். ஒருவர் நின்றால் அந்த உருவம் உடைந்து, விலங்கு மிரளும் அல்லது பாயும். பல முகாம்களுக்கு வேலி கிடையாது, இருட்டிய பின் அறைக்குப் போகக் காவலரை அழைக்க வேண்டும். டிப்ஸை வண்டி ஓட்டி வழிகாட்டும் ரேஞ்சருக்கும் டிராக்கருக்கும் தனித்தனி உறையில், கடைசி நாள் அந்நாட்டுப் பணமான ராண்டில் கொடுப்பது வழக்கம். பணத்தை ஜோகன்னஸ்பர்க்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் ஏடிஎம் இருக்காது.