ஓடும் கோச்சிக்கும் ஓட்டமாவடிப் பாலத்தில் நிற்பவருக்கும் ஒரே டைமரா?

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போகும் கோச்சி வாழைச்சேனையைத் தாண்டிப் புணானைக் காட்டுப் பக்கம் நுழைந்ததும் என் போனில் ஒரு கூத்து நடக்கும். சிக்னல் கோடு இரண்டு நிற்கும். வாட்ஸ்அப் செய்தியில் மணிக்கூட்டுக் குறி மட்டும் மாறவே மாறாது. பின்னால் போய்விட்ட டவரைப் போன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

4ஜியில் சிக்னல் கெட்டது தொடர்ந்து சில தடவை தெரிந்தால் டி310 என்ற டைமர் ஓடத் தொடங்கும். அது முடிவதற்குள் சிக்னல் தேறாவிட்டால்தான் இணைப்பு அறுந்ததென்று போன் ஒப்புக்கொண்டு வேறு செல் (ஒரு டவரின் அலை எட்டும் பகுதி) தேடும். இதை 0 முதல் 2000 மில்லிசெக்கன் வரை வைக்கலாம். எல்லோருக்கும் ஒரே அளவு வைப்பதுதான் முதல் தவறு. ஓட்டமாவடிப் பாலத்தில் தூண்டிலோடு நிற்பவர் 2 செக்கன் பொறுத்தால் அதே டவர் திரும்பக் கிடைக்கலாம். மணிக்கு 72 கிலோமீற்றரில் போகிறவரோ அதற்குள் 40 மீற்றர் தள்ளிப் போயிருப்பார்.

சரி, 0 ஆக்கிவிடுவோம் என்றால் அதுவும் பிழை. ஒரு லொறி மறைத்தாலே இணைப்பு அறும். மறுபடி சேர எடுக்கும் நேரம் பொறுத்திருக்கும் நேரத்தைவிடக் கூடலாம்.

ஆளின் வேகத்துக்கேற்ப அளவு வைக்கலாமே என்றால், பலரும் கோட்டை விடுவது வேகத்தை அளப்பதில். குறித்த நேரத்துக்குள் எத்தனை செல் மாறியது என்று எண்ணித்தான் போன் தன் வேகத்தை ஊகிக்கிறது. காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊரில் வாசலில் கதிரை போட்டு இருப்பவர்கூட மூன்று செல்களுக்கிடையே தாவித் தாவி வேகக்காரர் ஆகிவிடலாம். (இரண்டு செல்களுக்குள் மட்டும் போய்வருவதை எண்ணக்கூடாதென்று விதி இருக்கிறது. மூன்றாவது வந்தால் அது உதவாது.) காட்டுப் பாதையிலோ டவருக்கு டவர் தூரம் கூட, கோச்சி ஓடினாலும் எண்ணிக்கை ஏறாது. ஆகவே எண்ணிக்கை எல்லையை இடத்துக்கு இடம் மாற்றி வைக்கவேண்டும்.

டி310ஐ மட்டும் வெட்டிவிட்டு ஹேண்ட்ஓவர் காத்திருப்பை, அதாவது அடுத்த டவருக்கு மாறுவதற்கான அறிக்கை அனுப்புமுன் போன் பொறுக்கும் நேரத்தை, நீளமாக விடுவதும் வீண்: அடுத்த டவரைப் பற்றி அறிக்கை அனுப்பும் முன்பே போன் கைவிட்டுவிடும். வேகமாகப் போகிறவருக்கு அந்தக் காத்திருப்பை நாலில் ஒரு பங்காகவே சுருக்க 4ஜி விதிகளே இடம் தருகின்றன. பின்னர் டி312 என்ற குட்டி டைமரும் வந்தது. டி310 ஓடுகையில் அடுத்த செல் பற்றிய அறிக்கை கிளம்பினால் மட்டுமே இது தொடங்கும். அடுத்த டவரைக் கண்டு சொல்லியும் ஹேண்ட்ஓவர் வராதவர் சீக்கிரம் பழையதை விடுவார். பாலத்தில் நிற்பவருக்கு அவருடைய 2 செக்கன் அப்படியே இருக்கும்.